பட்டாவுக்கு வரும் பணம்

"விவசாயிக்குத்தான் எல்லாம் சும்மா கொடுக்கிறாங்களே, அப்புறம் என்ன குறை?" ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க ஆளுக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்டுடுறாங்க. கொடுக்கிறாங்க, நான் இல்லைன்னு சொல்லல. யாருக்குக் கொடுக்கிறாங்கங்கிறதைத்தான் கொஞ்சம் பேசணும்.

2019-ல ஆரம்பிச்ச பி.எம். கிசான் திட்டத்தையே எடுத்துக்குங்க. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணையா 2,000. முக்கிய நிபந்தனை, நிலம் உங்க பேர்ல இருக்கணும். உழுதீங்களா, நட்டீங்களான்னு யாரும் கேட்கிறதில்ல. வருமான வரி கட்டுறவங்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கிடையாது, சரி. ஆனா நகரத்துல சின்னதா கடை வச்சிருக்கார், வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்ல, ஊர்ல அரை ஏக்கர் பட்டா இருக்கு. அவர் வயலுக்கு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும் பணம் போகும்.

எனக்குச் சொந்தம் ரெண்டு ஏக்கர், குத்தகை மூணு ஏக்கர். சொந்த நிலத்தைக் காட்டி எனக்குக் கிடைச்சுடுது. என் வரப்பை ஒட்டிப் பயிர் வைக்கிற அண்ணனுக்குச் சொந்தமா ஒரு சென்ட் கிடையாது. அஞ்சு ஏக்கரும் குத்தகை. என்னைவிட நல்ல விவசாயி, சொல்லப்போனா நாற்று பழுத்தா நான் அவர்கிட்டதான் போய் நிப்பேன். அவருக்கு ஒரு தவணைகூட வந்ததில்ல.

2020-ல இந்தத் திட்டத்துல நடந்த மோசடி ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுல மட்டும் அஞ்சு லட்சத்துக்கும் மேல தகுதியில்லாதவங்க சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போயிருக்குன்னு அரசே சொல்லுச்சு. சி.பி.சி.ஐ.டி. விசாரிச்சது, பத்திரிகையெல்லாம் எழுதுச்சு. அது திருட்டு, பிடிச்சாங்க. அண்ணனுக்கு வராதது மோசடி இல்லையே, விதிப்படிதான் வரல. அதனால அது செய்தியும் ஆகல.

பயிர்க் காப்பீட்டுல குத்தகைக்காரரும் சேரலாம்னு விதி இருக்கு. ஆனா வி.ஏ.ஓ. கொடுக்கிற அடங்கல்ல அவர் பேர் வேணும். இங்கதான் சிக்கல். அடங்கல்ல இன்னொருத்தர் பேர் ஏறினா நிலம் கையை விட்டுப் போயிடும்னு நிலக்காரங்களுக்குப் பயம். 1955-ல வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாதபடி செஞ்சது. 1969-ல குத்தகை உரிமையைப் பதிவு செய்யவே தனிச் சட்டம் வந்தது. ரெண்டும் அந்தக் காலத்துல ஏழைக்குப் பெரிய துணை. ஆனா அதே பயத்துல இன்னிக்கு யாரும் எழுதிக் கொடுக்கிறதில்ல. எல்லாம் வாய்ப்பேச்சு. அறுப்பு முடிஞ்சா இத்தனை மூட்டைன்னு அளந்துட்டு வந்துடணும். மழையில பயிர் அழுகினா நிவாரணம் பட்டாக்காரர் கணக்குல ஏறும்; மனசு இருந்தா பாதி கொடுப்பார். உரத்துக்கு வாங்கின கடன் முழுசும் குத்தகைக்காரர் தலையில.

நிலக்காரரையும் நான் வில்லனாக்க மாட்டேன். அப்பா விட்டுட்டுப் போன ஒரே சொத்து, பயப்படத்தான் செய்வார். ஆந்திராவுல 2019-ல ஒரு சட்டம் போட்டாங்க. சாகுபடி செய்யறவருக்கு 11 மாசத்துக்கு ஒரு அட்டை. நில உரிமைக்கு அதனால பாதிப்பு இல்லைன்னு சட்டத்திலேயே எழுதிட்டாங்க. அங்கயும் கையெழுத்துப் போட நிலக்காரங்க தயங்குறாங்க, உண்மைதான். ஆனாலும் ஒரு வழி திறந்திருக்கு. ஒடிசாவோட காலியா திட்டத்துல வாரத்துக்குப் பயிர் செய்யறவங்களையும் நிலமே இல்லாதவங்களையும் சேர்த்தாங்க. நம்ம ஊர்ல இதைப் பேசவே ஆள் இல்ல. இப்ப விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறாங்களே, அதுவும் ஆதாரை நிலப்பதிவோடதான் இணைக்குது. அண்ணன் முகாமுக்குப் போனார். பட்டா எங்கேன்னு கேட்டு அனுப்பிட்டாங்க.

இதைப் படிக்கிற உங்கள்ல சிலர் பேர்லயும் ஊர்ல நிலம் இருக்கும், யாரோ பயிர் செஞ்சுக்கிட்டிருப்பாங்க. பொங்கலுக்கு வரும்போது அந்தத் தவணைப் பணத்தை அவர் கையில கொடுங்க. சம்பாவுக்குக் காப்பீடு செய்யற நேரத்துல வி.ஏ.ஓ.வுக்கு ஒரு போன் போட்டு, பயிர் செய்யறது இவர்தான், எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லுங்க.