மூடி இருக்கா?

டோல்கேட் நண்பர் கரி அடுப்பு வாங்கக் கிளம்பிவிட்டார். மீனைச் சுடவும் வேணுமாம், புகை போடவும் வேணுமாம். நீங்களும் அப்படியா? பளபளப்பில் மயங்காதீர்கள். மூடி இருக்கா, கீழேயும் மேலேயும் காற்று ஓட்டை இருக்கா, அதைத் திறந்து மூட முடியுதா? அவ்வளவுதான். சுட நல்ல அனல் வேண்டும். புகை போட 110 டிகிரி போதும், மணிக்கணக்கில். காற்றை அடக்கினால்தான் கரி அடங்கும்.

1952-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் கடல் மிதவையை வெட்டித்தான் இதைச் செய்தார். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பிராண்டுக்கு ஆயிரக்கணக்கில் அழணுமா? வெல்டிங் பட்டறையில் சொன்னால் ஆச்சு. ஆனால் கெமிக்கல் இருந்த பழைய டிரம், துத்தநாகம் பூசிய தகடு... வேண்டவே வேண்டாம்! சூடேறினால் விஷம். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாக ஜனம் ஓடியதே... சுவாசித்தது போதாதா சார்? காசிமேட்டு வஞ்சிரத்துக்குமா அந்தப் புகை?