'சராசரிப் பயணி' என்று ஒருவர் இருக்கிறாரா?

உச்சிப்புளியிலிருந்து ராமநாதபுரம் போக பஸ் உண்டு, ரயில் உண்டு, அவசரத்துக்கு ஆட்டோவும் உண்டு. இந்த வழியில் புதிதாக ஒரு மினி பஸ் விட்டால் டிக்கெட் எவ்வளவு வைக்கலாம்? "எவ்வளவு கொடுப்பீங்கன்னு நாலு பேரைக் கேட்டு, சராசரி எடுத்தா போச்சு" என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

ஒரு கற்பனைக் கணக்கு. பயணிகள் 10 பேர். மாணவர்கள், மீன் விற்கும் பெண்கள் என 5 பேர் 10 ரூபாய்க்கு மேல் தர மாட்டார்கள். நேரத்துக்கு ஆபீஸ் போக வேண்டிய மற்ற 5 பேர் 50 ரூபாய் வரை தருவார்கள். சராசரி 30 ரூபாய். ஆனால், 30 ரூபாய் என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை!

டிக்கெட் 10 ரூபாய் என்றால் எல்லோரும் ஏறுவார்கள், வசூல் 100. 30 ரூபாய் என்றால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், வசூல் 150. 50 ரூபாய் என்றாலும் அதே பாதிப் பேர்தான், வசூல் 250. லாபம் மட்டும் பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவே வேண்டாம்.

கணித்துக் காட்டியவர்

1970-களில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 'பார்ட்' ரயில் வருவதற்கு முன்பே, அதில் எத்தனை பேர் வேலைக்குப் போவார்கள் என்று கணித்தார் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன். கட்டணம், பயண நேரம், காத்திருப்பு ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவரும் எதைத் தேர்வு செய்வார் என்று பார்த்தார். அதிகாரபூர்வக் கணிப்பு 15 சதவீதம், அவருடையது 6.3. உண்மையில் ஏறியவர்கள் 6.2 சதவீதம். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆளுக்கு ஆள் விருப்பத்தின் எடை மாறுவதையும் கணக்கில் எடுக்கும் 'கலப்பு லாஜிட்' போன்ற மாதிரிகள் இன்று பரவலாகிவிட்டன.

பர்ஸ் வேறு, தேவை வேறு

ஆனாலும் இந்த மாதிரிகள் அளப்பது கொடுக்கும் மனதை மட்டுமல்ல, கொடுக்க முடிகிற பர்ஸையும்தான். 10 ரூபாய்க்கு மேல் தராதவருக்குப் பயணம் அவசியமில்லை என்று அர்த்தமில்லை. தமிழகத்தில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அதுவும் சராசரிதான். தினமும் வேலைக்குப் போகிறவரின் மிச்சமும், வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிறவரின் மிச்சமும் ஒன்றல்ல.

எனவே கட்டணமோ நிறுத்தமோ முடிவாகும்போது, "வசூல் எவ்வளவு?" என்ற கேள்வி மட்டும் போதாது. "இந்த விலையில் இறங்கிப் போகிறவர் யார்?" என்ற கணக்கையும் அரசு மக்கள் முன் வைக்க வேண்டும்.