கையில் துப்பாக்கி, நெஞ்சில் அச்சம்



அண்மையில் என் சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அவர் என்னிடம் ஒரு முறையீட்டை வைத்தார். "தம்பி, நீதான் அவனைக் கண்டிக்கணும். ராத்திரி முழுக்கப் பேயைச் சுட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்றார். 'அவன்' என்றது கல்லூரியில் பயிலும் அவருடைய மூத்த மகனை. அறிவுரை கூறும் ஆயத்தத்தோடு அவன் அறைக்குள் நுழைந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன் அவன் முந்திக்கொண்டான்: "மாமா, கையிலே துப்பாக்கி இருந்தா பயம் வருமா, வராதா?"

கண்டிக்கச் சென்றவன் கேட்க அமர்ந்தேன்.

அவன் கணினியில் ஆடிக்கொண்டிருந்தது 'ட்ரெட் எக்ஸ் கலெக்‌ஷன்: தி ஹன்ட்' என்னும் தொகுப்பு, 2021-இல் வெளிவந்தது. பல எழுத்தாளர்களின் சிறுகதைகளை ஒரே நூலாகத் தொகுப்பதை நாம் அறிவோம். இது பல படைப்பாளிகளின் சிறு விளையாட்டுகளை ஒன்றாகத் தொகுத்தது. உள்ளே 7 திகில் விளையாட்டுகள். அண்டார்டிகாவின் பனிவெளியில் அமைந்த ஒரு தளம் அவை அனைத்தையும் ஒரே சரட்டில் கோர்க்கிறது. இவ்வரிசையின் முதல் தொகுப்பு 2020-இல் வந்தபோது, 10 படைப்பாளிகளுக்கு ஆளுக்கு 7 நாட்களே அவகாசம் தரப்பட்டதாம்.

அன்று அவனுடைய நண்பர்கள் இருவரும் உடனிருந்தனர். அவர்களுக்குள் எழுந்த வாதம், பட்டிமன்ற மேடைக்குத் தகுதியானது என்றால் மிகையாகாது. "திகில் நீண்டால் பழகிவிடும், சுருக்கமே இதன் வலிமை" என்றான் ஒருவன். "ஆயுதம் கைக்குப் பழகுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது, ஏழும் ஒரே தரத்தில் இல்லை" என்றான் மற்றவன். துப்பாக்கியைப் பற்றியும் இதே பிளவுதான். எதிரியை வீழ்த்த வழியிருந்தால் அச்சம் எங்கிருந்து வரும் என்பது ஒரு கட்சி. குண்டு தீரும் கணத்தில் வரும் அச்சத்திற்கு ஈடு உண்டா என்பது மறு கட்சி.

இவ்வழக்கு புதியதன்று. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' ஆயுதத்தைக் கொடுத்துவிட்டுக் குண்டுகளை எண்ணி அளந்தது. ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கக்கூட, தட்டச்சு நாடா கைவசம் இருக்க வேண்டும்! ஸ்வீடன் நாட்டிலிருந்து 2010-இல் வந்த 'அம்னீசியா'வோ ஆயுதமே தரவில்லை. ஓடுவதும் ஒளிவதுமே அங்கே வழி.

இவற்றினும் சிந்திக்கத் தக்கது 2004-இல் வந்த 'டூம் 3'. இருண்ட கூடங்களில் நடக்கும் அவ்விளையாட்டில், கைவிளக்கைப் பிடித்தால் துப்பாக்கியைப் பிடிக்க இயலாது. ஒன்று பார்க்கலாம், அல்லது சுடலாம். "விளக்கைத் துப்பாக்கியில் கட்டிக்கொள்ள ஒரு ஒட்டு நாடாகூடவா கிடைக்கவில்லை?" என்று விளையாடியோர் எள்ளி நகைத்தனர். அவர்களுள் சிலர், விளக்கை ஆயுதத்தோடு பிணைக்கும் இணைப்பு ஒன்றைத் தாமே உருவாக்கிக்கொண்டனர். 2012-இல் வந்த மறுபதிப்பில் நிறுவனமே விளக்கைக் கவசத்தின்மீது பொருத்தியது. குறை தீர்ந்தது. ஆனால், "இருட்டின் அச்சமும் தீர்ந்துவிட்டதே" என்று மற்றொரு சாரார் வருந்தினர்!

தொல்காப்பியர் அச்சத்தின் காரணங்களை நான்காக வகுத்தார்: தெய்வமும் பேயுமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், அரசர். இந்நான்கிலும் பொதுவானது யாது? அஞ்சுபவனின் கைக்கு அடங்காத ஆற்றல் என்பதே. துப்பாக்கி அந்த ஆற்றலைச் சிறிது கைக்குள் கொண்டுவருகிறது. எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவு அச்சம் குறைகிறது. எனவே, இளைஞர்களின் இரு கட்சியும் உண்மையே பேசியது.

இதைச் சொல்லிவிட்டு எழுந்தபோதுதான் கதவோரம் கண்டேன். சகோதரியின் இளைய மகன், 9 வயதுச் சிறுவன், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றிருந்தான். "இவனும் விளையாடுவானா?" என்று கேட்டேன். "இல்லை மாமா, சும்மா பாக்குறான்" என்றான் மூத்தவன். ஆனால், சில வாரங்களாக அச்சிறுவன் இரவில் தனியே கழிவறைக்குச் செல்ல மறுப்பதாகச் சகோதரி பிறகு என்னிடம் கூறினார். காரணம் அவருக்கு விளங்கவில்லை.

வாசகர்களே! சற்று எண்ணிப் பாருங்கள். விளையாடுபவனின் கையில் ஆயுதம் இருக்கிறது. அஞ்சினால் நிறுத்தும் உரிமையும் இருக்கிறது. பின்னால் நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. அவனுக்கு வாய்த்தது அச்சம் மட்டுமே. அமெரிக்காவில் 1994 முதலும், ஐரோப்பாவில் 2003 முதலும் விளையாட்டுகளுக்கு வயது வரம்புக் குறியீடுகள் அளிக்கப்பட்டு வருகின்றன. அக்குறியீடு வாங்குபவரை எச்சரிக்கும். கதவோரம் நிற்பவனை யார் எச்சரிப்பது?

மருமகனை அழைத்து, "உன் கேள்விக்கு விடை உன் தம்பியிடம் இருக்கிறது" என்றேன். அவன் வாதாடவில்லை. "அவன் நிக்கிறதை நான் பாக்கவே இல்லை மாமா" என்றான். அது பொய்யன்று, அவன் கண் முழுதும் திரையில் இருந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளர்ந்த பிள்ளை எதை ஆடுகிறான் என்று கண்டிக்குமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். அவன் சிந்திப்பவன் என்பது தெரியவரும். ஆனால், அமர்வதற்கு முன் அறையைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த வீட்டில் அரண்டவன் விளையாடியவன் அல்லன்.