கற்பிக்கட்டும் கருவி, கண்காணிக்க வேண்டாம்!

இரவெல்லாம் விழித்து, நாடி பார்த்து, நலிந்தோர் முகத்திலே நம்பிக்கை ஏற்றி நிற்கிறாரே செவிலியர், அவருக்குக் கல்வி பட்டத்தோடு முடிந்ததா? இல்லை! மருந்து மாறுகிறது, முறை மாறுகிறது. அவரும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

2023-ல் உலகிலே செவிலியர் ஏறத்தாழ 3 கோடிப் பேர். பற்றாக்குறையோ 58 இலட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆள் குறைந்த இடத்திலே வகுப்புக்குச் செல்ல நேரம் ஏது? இதோ வருகிறது செயற்கை நுண்ணறிவு! பச்சிளங் குழந்தைகளைக் காப்பவருக்கு ஒரு பாடம், தீவிர சிகிச்சைப் பிரிவிலே நிற்பவருக்கு வேறு பாடம். தவறிய இடத்தைக் கண்டு அதையே மீண்டும் சொல்லித் தருமாம். வரவேற்போம்!

ஆனால், கேட்கிறோம்: இரவுப் பணி முடித்து, உறங்கும் நேரத்தை இழந்தா படிப்பது? பயிற்சியிலே தவறிய விடை, நாளை பதவி உயர்வைப் பறிக்கும் சாட்சியாகுமா? கிராமத்துப் பள்ளியிலே தமிழ் வழி படித்து வந்த தங்கைக்கு ஆங்கிலத்திலே மட்டுந்தானா அறிவு? இயந்திரம் மருந்தின் அளவைத் தவறாகச் சொன்னால் பழி யார் தலையிலே?

பணி நேரத்திலேயே பாடம், தமிழிலே விளக்கம், மூத்த செவிலியர் சரிபார்த்த செய்தி, தவறுகளின் பதிவு கற்பவருக்கே சொந்தம். இந்த நான்கையும் தந்துவிட்டுக் கருவியைத் தாருங்கள். அறிவு வளரட்டும், அச்சம் ஒழியட்டும்!