கோடி ரூபாய்க் கண்ணாடி

ராமேஸ்வரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். "அத்தை, இந்தக் கண்ணாடி ஏலத்துல கோடிக்கு மேல போகுமாம்!"

1954-ல் பம்பாயில் பிறந்த சிற்பி அனிஷ் கபூர் செய்ததாம். குழிந்த தாம்பாளம் மாதிரி, பளபளவென்று இழைத்த எவர்சில்வர். கிட்டே போனால் முகம் பெரிசாகத் தெரியும். தள்ளி நின்றால் தலைகீழ்!

"நம்ம குழிக்கரண்டி போதாதா?" என்றேன். நீங்களும் பாருங்களேன், அதே வித்தைதான். ஆனால் சிகாகோவில் 2006-ல் முடிந்த அவருடைய பெரிய சிற்பத்தில் 168 தகடுகளை ஒட்டே தெரியாமல் இழைத்திருக்கிறார்களே, அந்த உழைப்புக்குக் கும்பிடு போடலாம்.

எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு; அப்பத்தாவின் தேக்குச் சட்டக் கண்ணாடி. ராமநாதபுரத்து உப்புக் காற்றில் ரசம் போய் ஓரமெல்லாம் கறுப்பு. போன வருஷம் மகளின் காலேஜ் பீஸுக்காகக் காரைக்குடி வியாபாரி ஒருவரிடம் காட்டினோம். சட்டத்துக்கு மட்டும் விலை சொன்னார். மனசு வரவில்லை, என் வளையல்தான் அடகுக்குப் போயிற்று.

ஒன்று மட்டும் கவனம், சகோதரிகளே! மிகப் பழைய கண்ணாடிகளின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் சேர்த்துப் பூசியிருப்பார்கள். சுரண்டாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். எங்களுடையதை உயரத்தில் மாட்டிவிட்டேன். பொட்டு வைக்க நடுவில் உள்ளங்கையளவு தெளிவு இன்னும் இருக்கிறது.