உரக்கச் சொல்லாத காதல்

அமெரிக்கப் பாடகர் அல் கிரீனுக்கு அந்தப் பாட்டைப் பாடிய விதம் முதலில் பிடிக்கவில்லை. 25 வயது. ஜாக்கி வில்சன், வில்சன் பிக்கெட் மாதிரி அடித்தொண்டையிலிருந்து எடுத்து மேடையை அதிரவைக்க வேண்டும் என்று ஆசை. தயாரிப்பாளர் வில்லி மிட்செலோ, "மெல்லப் பாடு" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் சண்டை. மிட்செல் விடவில்லை. அப்படி வந்ததுதான் 1971 கடைசியில் வெளியான 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்'. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம். கறுப்பினத்தவர் இசைக்கான தனிப்பட்டியலில் ஒன்பது வாரம் அசையவில்லை.

ஒலிப்பதிவு நடந்தது மெம்பிஸ் ராயல் ஸ்டுடியோவில். பழைய சினிமா கொட்டகை அது. திரையை நோக்கிச் சரியும் தரையைக்கூடச் சமன்படுத்தவில்லை. மெட்டில் மிட்செலோடு பங்கு, டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சனுக்கு. கிட்டார், பேஸ், ஆர்கன் மூன்றும் ஹாட்ஜஸ் சகோதரர்கள் கையில். யாரும் முண்டியடித்து முன்னால் வருவதில்லை. டிரம்ஸ்கூடப் பஞ்சு சுற்றியதுபோல் அடங்கித்தான் ஒலிக்கிறது. அந்த இடைவெளியில் கிரீன் கள்ளக்குரலுக்கு ஏறுகிறார், முணுமுணுப்பாக இறங்குகிறார், சொல்லைப் பாதியில் விட்டு மூச்சு வாங்குகிறார். நல்லதோ கெட்டதோ சேர்ந்தே இருப்போம் என்பதுதான் பாட்டின் சாரம். எழுதிப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை வாசகம். கேட்கும்போது அப்படி இல்லை. இவள் போய்விடுவாளோ என்ற பயம் உள்ளே ஓடுகிறது. பிக்கெட் பாணியில் கத்தியிருந்தால் அந்தப் பயம் எங்கே கேட்டிருக்கும்? மிட்செல் பக்கம்தான் நான்.

கிரீன் பிறகு மெம்பிஸிலேயே ஒரு தேவாலயத்தில் போதகராகி, பக்திப் பாடல்களின் பக்கம் போய்விட்டார். பாட்டு மட்டும் ஊர் சுற்றியது. 1983-ல் பாடகி டினா டர்னர் பாடினார். அடித்து உதைத்த கணவனை விட்டு வெளியேறியவர், சேர்ந்திருப்போம் என்று பாடுகிறார். மெதுவாகத் தொடங்கி, பாதியில் பொறுமையிழந்து உடைத்துக்கொண்டு கிளம்புகிறார். மிட்செலின் விதியை மீற உரிமையுள்ள ஒரே ஆள் அவர்தான் என்பேன்.

2012 ஜனவரியில் நியூயார்க் அப்பல்லோ அரங்கில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமா இந்தப் பாட்டின் முதல் வரியை மட்டும் பாடிக் காட்டினார். கிரீன் அன்று அரங்கில் இருந்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒபாமாவும் மெல்லத்தான் பாடினார். நவம்பரில் மறுபடி தேர்தல். நாலு வருடம் கூடவே இருங்கள் என்று கேட்க வேறு எந்தப் பாட்டு பொருந்தியிருக்கும்?