கேனைக் கவிழ்த்துப் பாருங்கள், தோழர்களே!

மே மாத வெயிலில் தெருமுனையில் குட்டியானை வண்டி நிற்கிறது. அதில் நீல நிற 20 லிட்டர் கேன்கள் காலையிலிருந்து காய்கின்றன. தொட்டால் கை சுடுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் எங்கள் மாடிவீட்டுக் கர்ப்பிணிப் பெண் குடிக்கிறாள். போன வாரம் பரிசோதனைக்குப் போனவளை, "இவ்வளவு எடையா? வாயைக் கட்டு" என்று பத்துப் பேர் முன்னால் திட்டி அனுப்பினார்கள். அழுதபடி படியேறினாள்.

இந்த உபதேசம் போதும்! தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டோர் 2015-16இல் 30.9 விழுக்காடு, 2019-21இல் 40.4. அதற்குள் இத்தனை லட்சம் பெண்களும் பெருந்தீனிக்காரிகள் ஆகிவிட்டார்களா?

சர்க்கரை, எண்ணெய்ப் பண்டம், உட்கார்ந்தே செய்யும் வேலை எல்லாம் காரணம்தான். அவை மட்டும்தானா? கப்பலின் அடியில் பாசி பிடிக்காமலிருக்கப் பூசிய வண்ணத்தில் டிரைபியூட்டைல்டின் என்றொரு நஞ்சு இருந்தது. கலிஃபோர்னியாவின் இர்வின் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பிளம்பர்க் குழுவினர் அதைச் சினை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகளின் உடலில் கொழுப்பு கூடியது. தீனியால் வந்ததல்ல, கருவிலேயே விழுந்த விதை அது. 2006இல் இத்தகைய பொருள்களுக்கு 'ஒபிசோஜென்' என்று பெயரிட்டார்கள். உடல்பருமனூக்கி என்போம்.

பாலிகார்பனேட் கேனிலுள்ள பிஸ்பீனால்-ஏ-வும் அந்தச் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. சூடேறச் சூடேற அது தண்ணீரில் அதிகமாக இறங்கும். மனிதரை அது பருமனாக்குகிறது என்று இன்னும் முடிவாக நிரூபணமாகவில்லை. மக்களிடம் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அதன் மற்றக் கேடுகளைக் கண்டே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தாங்கத்தக்க அளவை 20,000 மடங்கு குறைத்தது. அடுத்த ஆண்டே, உணவு படும் பொருள்களில் அதற்குத் தடை விதித்தது ஐரோப்பிய ஒன்றியம். இங்கே 2015இல் பால்புட்டிக்கு மட்டும் தடை வந்தது. புட்டியைச் சப்பும் முன் பத்து மாதம் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு யார் காவல்?

வரும் ஞாயிறு ஒவ்வொரு கிளையும் தெருவில் இறங்கட்டும். காலிக் கேனைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்றும் பக்கத்தில் 'பி.சி.' என்றும் இருந்தால் அது பாலிகார்பனேட். கணக்கெடுங்கள், கையெழுத்து வாங்குங்கள். கேனை வெயிலில் வைக்காதே என்று முகவரிடம் சொல்லுங்கள். அவர் நம் எதிரி அல்ல. பால்புட்டிக்குப் போட்ட தடையைத் தண்ணீர் கேனுக்கும் போடு என்று அரசிடம் கேளுங்கள். குழாயில் நல்ல தண்ணீர் கேளுங்கள்.

கோடை முடியும்வரை காத்திருக்காதீர்கள். புறப்படுங்கள், தோழர்களே!